ஸ்பெக்ட்ரம் எழுத்துருவை கமடோர் 64-க்கு மாற்றுவது எப்படி?

தாராளமாக மாற்றலாம். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 இரண்டும் 1980-களின் வீட்டுக் கணினிகள்; இரண்டிலும் ஓர் எழுத்து 8×8 புள்ளிதான், 8 பைட். மாற்றுவதற்கு எழுத்தின் படத்தைத் தொட வேண்டியதில்லை, எழுத்துகளின் வரிசைதான் வேறு.

ஸ்பெக்ட்ரம் எழுத்துரு 768 பைட்: ஆஸ்கி (எழுத்துகளுக்கான பொது எண் முறை) 32-இல் தொடங்கும் 96 எழுத்துகள். கமடோரில் 256 எழுத்துகள், 2048 பைட். அங்கே ஆஸ்கி அல்ல, திரைக்குறியீடுதான் (திரையில் ஓர் எழுத்தைக் காட்ட கமடோர் பயன்படுத்தும் எண்) கணக்கு. 32 முதல் 63 வரை அப்படியே போடுங்கள். சிறிய, பெரிய எழுத்துகள் இரண்டும் வேண்டுமென்றால் சிறியவை 1-இலிருந்து, பெரியவை 65-இலிருந்து.

பலர் மறப்பது இதை: 128 முதல் 255 வரை உள்ளவை, எழுத்தும் பின்னணியும் வண்ணம் மாறிய எழுத்துகள். முதல் பாதியின் ஒவ்வொரு பைட்டையும் 255-இலிருந்து கழித்து அங்கே நிரப்புங்கள். இல்லாவிட்டால் கர்சர் சரியாகச் சிமிட்டாது.

அப்புறம், கட்டாயமில்லை, ஆனால் ஸ்பெக்ட்ரத்தின் ஒற்றைப் புள்ளிக் கோடுகள் பழைய டிவியில் மங்கலாகத் தெரியும். செங்குத்துக் கோடுகளை இரண்டு புள்ளியாகத் தடிப்பாக்குங்கள், அந்த உழைப்பு வீண்போகாது.