சமுதாய வானொலி நேரலையில் நம்மோடு சேர்ந்து தொகுப்பவர் நம்மைவிட நன்றாகப் பேசினால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலியில் வாராந்திர நேரலை ஒன்றை என்னையும் இன்னொரு மாணவியையும் சேர்ந்து நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சரளமாகப் பேசுவாள். நான் அமுங்கிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்:

"அமுங்கிப் போய்விடுவேனோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் நிலைமையை நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் கல்லூரி விழாக்களில் மைக் பிடித்துப் பழகியவள். நீங்கள் எழுதுவீர்கள், தகவல் தேடுவீர்கள், ஆனால் கூட்டத்தில் முதலில் வாயைத் திறக்க மாட்டீர்கள். பொறுப்பாசிரியர் "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று நழுவியிருப்பார். சரிதானே?

நான் ஆர்ஜே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது பார்ப்பது கணக்குத் தணிக்கை வேலை. பெங்களூருவில் பி.காம் படித்தபோது வாரம் ஒரு நாள், மாலையில் அரை மணி நேரம், தமிழும் கன்னடமும் கலந்த நேரலை ஒன்றில் இருந்தேன், அவ்வளவுதான். தனியார் எஃப்எம்மில் காலை நிகழ்ச்சி செய்கிறவர்கள் இதைப் படித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுடைய தொழில் வேறு. நம்முடையது 100 வாட் டிரான்ஸ்மிட்டர் சமாச்சாரம். நல்ல நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும், நடுவில் அடுக்குமாடிகள் வந்தால் அதுவும் குறையும். பெங்களூருவில் 2007 முதல் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி ரேடியோ ஆக்டிவுக்கும் அலைவரிசை 90.4 தான், சென்னையில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்எம்முக்கும் 90.4 தான். ஒன்று இன்னொன்றைத் தொடாது. அவ்வளவு சின்ன வட்டம். அதற்குள் இருப்பவர்களுக்குக் கம்பீரக் குரல் எல்லாம் தேவைப்படவில்லை. அடுத்த தெரு ஆள் பேசுவது போல இருந்தால் போதும்.

என்னோடு போட்டது கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்துப் பெண். பெயர் வேண்டாம், ஹாசன்காரி என்றே வைத்துக்கொள்வோம். அவள் பேச ஆரம்பித்தால் மூச்சு எங்கே விடுகிறாள் என்றே தெரியாது. நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், கன்னடம் இரண்டும் வரும், ஆனால் இரண்டிலும் கொஞ்சமாகத்தான் பேசுவேன். ஆரம்ப வாரங்களில் நான் சொன்னதெல்லாம் "ஆமாம்", "அப்படியா", "இப்போது ஒரு பாடல்" இவ்வளவே. வீட்டில் அண்ணன், "உன் பேரைச் சொன்னப்பதான் நீயும் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சது" என்றான்.

பிறகு நாங்கள் செய்தது ஒன்றுதான். பேசும் நேரத்தைப் பங்கு போடவில்லை, வேலையைப் பங்கு போட்டோம். தொடக்கமும் முடிவும் அவளுக்கு. தொலைபேசியில் வருபவர்களும் கடிகாரமும் எனக்கு. பேச்சைக் கொடுக்க வேண்டுமானால் உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். மேசையைத் தட்டக்கூடாது, மைக் அதை இடி மாதிரி எடுத்துக் காட்டிவிடும். ஒருத்தி பேசும்போது மற்றவள் "ம்... ம்..." போடுவதையும் நிறுத்தினோம். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெம்பு, வானொலியில் கேட்கிறவருக்குத் தொல்லை.

2017 மார்ச் வாக்கில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி உத்தரவை ஒட்டி நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன, சில பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு மொழியும் கலந்த நிகழ்ச்சி தேவைதானா என்று கல்லூரியிலேயே ஒரு யோசனை ஓடியது. எப்படியோ நிறுத்தாமல் விட்டார்கள். அன்றைய தலைப்பு பரீட்சை நேரத்துச் சாப்பாடு. ஹாசன்காரி ராகி முத்தையின், அதாவது கேழ்வரகுக் களியின், பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பாட்டியின் அழைப்பு.

"கண்ணு, சாப்பாடு கெடக்கட்டும். காவேரி தண்ணி வந்து எட்டு நாளாச்சு. அந்தக் கவுன்சிலரு இருக்கானே..." என்று தொடங்கி, அவர் பெயர், கட்சி எல்லாம் சொல்லிவிட்டார்.

ஹாசன்காரிக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. காவேரியும் கட்சிப் பெயரும் அடுத்தடுத்துக் காதில் விழுந்ததும் அவள் வாய் அடைத்துப் போனது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பேச்சைச் சில நொடி தாமதித்து அனுப்பும் வசதியெல்லாம் எங்களிடம் கிடையாது, தொலைபேசி நேராக ஒலிகளைச் சேர்க்கும் மிக்சருக்குள் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டுடியோ அண்ணா பாட்டியின் குரலை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இறக்கட்டுமா என்று புருவம் கேட்டது.

வேண்டாம் என்று தலையசைத்தேன். "பாட்டி, அந்த ஆளை விடுங்க. தண்ணிக்கு இப்ப என்ன பண்றீங்க?"

அவ்வளவுதான் கேட்டேன். பாட்டி கவுன்சிலரை மறந்துவிட்டார். டேங்கர் ராத்திரி எப்போது வருமென்று தெரியாதாம். பேத்திக்கு எஸ்எஸ்எல்சி பரீட்சையாம். ஒரு கையில் புத்தகமும் இடுப்பில் குடமுமாக அவள் மாடி ஏறுகிறாளாம். "ராத்திரி முட்டை அவிச்சுக் குடுக்கலாம்னா அதுக்கும் அளந்துதான் தண்ணி ஊத்தணும்." தலைப்பு தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஹாசன்காரியும் சுதாரித்துக்கொண்டாள். நான் உள்ளங்கையைத் திருப்பினேன், அவள் பாட்டி சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொன்னாள். என்னைவிட நன்றாகவே சொன்னாள். அதன் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் எங்கள் தெருவில் என்றைக்குத் தண்ணீர் விடுகிறார்கள், டேங்கர்காரர் எத்தனை மணிக்கு வருகிறார் என்றுதான். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. எடுத்து வைத்திருந்த பாட்டைப் போடவே இல்லை.

சட்டம் பேச வருபவர்களுக்காக: சமுதாய வானொலியில் அரசியல் கூடாது, சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் கூடாது. தெரியும். ஆனால் தண்ணீர், மின்சாரம், வானிலை போன்றவற்றைச் சொல்லத் தடையில்லை. மறுநாள் ஒரு பேராசிரியர் "உடனே கட் பண்ணியிருக்கணும்" என்றார். பெயர் காற்றில் போனது போனதுதான், நாங்கள் அதன் மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பாட்டியை வெட்டியிருந்தால் அந்தத் தெருவில் இனி ஒருவரும் எங்களுக்குப் போன் செய்திருக்க மாட்டார்கள். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியாயிற்று. ஸ்ரீராம்புரம் பாட்டியும் அந்தப் பொதுவில் அடக்கம்தானே? எங்களால்தான் தண்ணீர் வந்தது என்று நான் கதை விடவில்லை. எப்போது வந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்வது உங்களுக்காகத்தான். சரளமாகப் பேசுகிறவள் அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அழைப்பவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று கேட்க அங்கே ஒரு காது வேண்டும். அது உங்களுடையது. ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி வையுங்கள், பக்கத்தில் இருப்பவளின் குரலும் காதில் விழும். நிலையத்தின் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதுதான் முதலில் மறக்கும். நேயரின் வீட்டு எண்ணையோ போன் நம்பரையோ அவரே சொன்னாலும் திருப்பிச் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அப்போது எங்கள் நேயர்களில் பாதிப் பேர் தையல் கடையிலும் பேருந்திலும் சாதாரண போனில் கேட்டவர்கள். இயர்போன் ஒயர்தான் ஏரியல். இப்போது இயர்போன் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள், பல போன்களில் எஃப்எம்மும் இல்லை. எஃப்எம் வசதியை முடக்காதீர்கள் என்று ஒன்றிய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. போன மாதம் அம்மாவுக்குப் போன் வாங்கப் போனோம். எஃப்எம் இருக்கிறதா என்று கேட்டால் கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆப் இருக்கே அக்கா" என்கிறான். ஆப்புக்கு மாதாமாதம் நெட் பேக் யார் போடுவது? கரண்ட் போன ராத்திரியில், டவரும் படுத்துவிட்டால், ஆப் என்ன சொல்லும்? எரிச்சலில் ஒரு பாக்கெட் ரேடியோவும் சேர்த்து வாங்கிவிட்டேன். அம்மா அதைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார், அங்கே மட்டும்தான் எடுக்கிறது.

சரி, கடைசியாக ஒன்று. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்கு மேல் வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பாட்டி பேசிய பதிவைக் கேட்டு நான் போனபோது அந்த ஹார்டு டிஸ்கில் யாரோ எடுத்த யோகா வகுப்புதான் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பென் டிரைவை நீட்டிவிடுங்கள்.