டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியதற்கு என்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் 1984 அம்பாசடர், மார்க் 4 பெட்ரோல். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை, அதற்குள் திறந்து மூடும் பாயின்ட்டை மாற்றுவதற்காகக் கழற்றி மாட்டினார்கள். அதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. டைமிங் செயின் நழுவிவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. (பழைய வண்டிக்கான தகுதிச் சோதனை) வேறு. என்ன செய்யலாம்?

பதில்: இறக்க விடாதீர்கள். முந்தின நாள்வரை ஓடிய வண்டியில், மேலே பாயின்ட் மாற்றியதால் உள்ளே செயின் நழுவாது. என்ஜின் இறங்கினால் லேத்தில் ஒரு கமிஷன், ஸ்பேர்ஸ் கடையில் ஒரு கமிஷன், அவ்வளவுதான் கதை.

ரேடியேட்டர் பக்கம் இருக்கும் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒருவர் கட்டைவிரலால் அடைக்கட்டும். இக்னிஷன் ஆஃப், கியர் நியூட்ரல். வண்டியின் முன்னால் செருகும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் என்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ள ஆரம்பித்ததும் நிதானித்து, புல்லியில் உள்ள வெட்டு டைமிங் கவரின் 5 டிகிரி முள்ளுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். காற்று தள்ளாமலும் வெட்டு முள்ளுக்கு நேராக வரும், அது புகை வெளியேறும் சுற்று. அங்கே வயரை மாட்டினால் இப்படித்தான் வெடிக்கும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் மூடியின் எந்த முனையைப் பார்க்கிறதோ அதில் முதல் பிளக் வயரை மாட்டுங்கள். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 3, 4, 2 என்ற வரிசையில் மற்ற பிளக் வயர்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அதனால் அதைத் தலைகீழாக மாட்டவே முடியாது. ஆனால் ஆர்வக் கோளாறில் அதற்குக் கீழே இருக்கும் டிரைவ் ஷாஃப்டையும் உருவியிருந்தால்? அது சாய்ந்த பல் கியர். ஒரு பல் தள்ளி இறங்கியிருந்தால் ரோட்டர் எந்த முனையையும் நேராகப் பார்க்காது. அப்போதும் என்ஜின் இறங்க வேண்டாம். பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, ஷாஃப்டின் தலையில் நீளமான போல்ட் ஒன்றை முறுக்கித் தூக்கினால் மேலேயே வந்துவிடும். திரும்ப வைக்கும்போது சுழன்றுகொண்டே இறங்கும் என்பதால் அந்த அளவு முன்கூட்டித் திருப்பி வைக்க வேண்டும், இரண்டு மூன்று முறை தவறும், பரவாயில்லை.

அப்புறம் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். முதலில் பாயின்ட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றை வைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, பல்பு அணையும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பி, பிறகு மெல்ல மெல்லக் கடிகாரத் திசையில் கொண்டுவந்து, பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் கிளாம்பை முறுக்குங்கள். டாப் கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். தொடர்ந்து நாக்கிங் சத்தம் வந்தால் ஒரு மயிரிழை எதிர்த்திசையில் தள்ள வேண்டும்.

எஃப்.சி.க்கு புரோக்கர் வேண்டாம். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5000 ஆக்கினார்கள், ஆனாலும் என் வண்டியின் பானெட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இதில் புரோக்கருக்கும் எதற்குத் தண்டம் அழ வேண்டும்?

பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் மாற்றியிருந்தால், பழையதை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். இப்போது கடைகளில் கிடைக்கிற டூப்ளிகேட் இரண்டாம் நாளே உயிரை விட்டு நடுரோட்டில் நிறுத்திவிடும்.