கேசவன் என்றால் கேசியைக் கொன்றவனா?

கேள்வி: விஷ்ணு சகஸ்ரநாமத்தில் ‘கேசவ:’ இரண்டு இடத்தில் வருகிறதே, ஆயிரத்தில் ஒன்று குறையாதா? கேசியை வதைத்ததால் கேசவன் என்பதுதான் சரியான பொருளா?

பதில்: குறையாது. 23-ஆவது நாமமும் 648-ஆவது நாமமும் கேசவ: என்றே இருந்தாலும், பொருள் வேறு என்பதால் உரைகாரர்கள் இவற்றைத் தனித்தனி நாமங்களாகவே எண்ணுகிறார்கள்.

கேசி வதத்தை ஒட்டிய பொருளுக்கு விஷ்ணு புராணம் ஆதாரம். குதிரை வடிவில் வந்த கேசி என்ற அசுரனைக் கண்ணன் கொன்றதும், இனி உலகில் கேசவன் என்று பெயர் பெறுவாய் என்று நாரதர் சொல்கிறார். ஆனால் அது மட்டுமே பொருள் அல்ல. 23-ஆவது நாமத்துக்கு ஆதிசங்கரர் இதோடு வேறு இரண்டும் தருகிறார். ஒன்று, அழகிய கேசம் உடையவன், கேசம் என்ற சொல்லுடன் ‘உடைமை’ப் பொருளில் ‘வ’ சேர்வதற்குப் பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்திலேயே தனிச் சூத்திரம் உண்டு (5.2.109). மற்றொன்று, க (பிரம்மா), அ (விஷ்ணு), ஈச (ருத்ரன்) ஆகிய மூவரும் எவன் வசத்தில் இருக்கிறார்களோ அவன். வைணவ உரையாசிரியர் பராசர பட்டர் கொள்வது அழகிய குழலை. முந்தைய நாமங்கள் ‘நாரஸிம்ஹவபு:’, ‘ஸ்ரீமான்’ என்று திருமேனியையும் அதன் அழகையும் சொல்லி வருவதால், அந்த இடத்துக்கு இதுவே மிகப் பொருந்துகிறது.

648-இல் நிலைமை வேறு. அடுத்த நாமமே ‘கேசிஹா’, கேசியைக் கொன்றவன். கேசவனுக்கும் அதையே சொன்னால் கூறியது கூறலாகிவிடும். அங்கே சங்கரர் மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தைக் காட்டி, சூரியன் முதலியவற்றில் ஒளிரும் கதிர்களே பகவானின் கேசம் என்கிறார். எத்தனை அழகான பொருள்!

அர்ச்சனையில் தவறு நேர்வதும் இந்த இடத்தில்தான். ‘கேசவ: கேசிஹா ஹரி:’ என்பதை வேகமாகச் சொல்லும்போது முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைகிறது. ‘கேசவாய நம:’, ‘கேசிக்னே நம:’, ‘ஹரயே நம:’ என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மலர் இடுங்கள். ‘கேசிஹாய’ என்பது பிழை. சொல் ‘கேசிஹன்’ என்பதால் நான்காம் வேற்றுமையில் ‘கேசிக்னே’ என்றே வரும்.

கேள்வி: உடலில் பன்னிரண்டு இடங்களில் பன்னிரு திருநாமம் இடும்போது கேசவனுக்கு எந்த இடம்?

பதில்: நெற்றி. அடுத்து வயிற்றில் நாராயணன், மார்பில் மாதவன், கழுத்தில் கோவிந்தன் எனத் தொடரும். மாதங்களில் கேசவனுக்கு உரியது மார்கழி.