விவாதத்தைப் பார்த்து விற்கலாமா?

கேள்வி: டிவி அரசியல் விவாதங்களைக் கேட்டால் சந்தை இன்னும் சரியும் என்றே தோன்றுகிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 5,000 ரூபாய் போடும் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, ஆறு மாதமாகச் சேர்த்ததையும் விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். 2024 ஜூன் 3 அன்று, எக்சிட் போல் முடிவுகளை நம்பி பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது. ஜூன் 7-க்குள் அந்த இழப்பு முழுவதும் மீண்டுவிட்டது. பதறி விற்றவர்களுக்குத்தான் நஷ்டம் நிலைத்தது, பாவம்.

ஓராண்டுக்குள் விற்றால் பங்குகளில் முதலீடு செய்யும் பல ஈக்விட்டி ஃபண்டுகளில் 1 சதவீத வெளியேறும் கட்டணம் உண்டு. லாபம் இருந்தால் 20 சதவீத வரியும் சேரும். என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் விலை, 50 ரூபாயாக இருக்கும்போது உங்கள் 5,000-க்கு 100 யூனிட். 40-க்கு இறங்கினால் அதே பணத்துக்கு 125 கிடைக்கும். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு வங்கியில் பணம் இல்லையென்றால் மட்டும் எஸ்ஐபியைத் தற்காலிகமாக நிறுத்தி, முதலில் அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.