இம்போர்ட்டில் ஸ்டார் போட்டால்: ஜாவா கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஃபைலில் ஜாவா.யூட்டில்.*, ஜாவா.ஏடபிள்யூடி.* இரண்டையும் இம்போர்ட் செய்திருக்கிறேன். ஒரு வாரம் ஒழுங்காக கம்பைல் ஆனது. இன்று 'லிஸ்ட்' என்று ஒரு வரி எழுதினேன், எரர் வருகிறது. ஒரு வாரம் ஏன் சும்மா இருந்தது?

பதில்: லிஸ்ட் இரண்டு பேக்கேஜிலும் (கிளாஸ்களின் தொகுப்பிலும்) உண்டு. யூட்டிலில் இருப்பது வரிசையாகத் தரவு வைக்கும் இன்டர்ஃபேஸ், ஏடபிள்யூடியில் இருப்பது திரையில் தெரியும் பட்டியல் பெட்டி. பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் ஸ்டார் (*) போட்டதும் கம்பைலர், அதாவது கோடை இயங்கும் வடிவுக்கு மாற்றும் புரோகிராம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவதில்லை. 'பெயர் கிடைக்காவிட்டால் இங்கேயும் தேடு' என்று வழி காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். லிஸ்ட் என்று எழுதாத வரை தேடவும் இல்லை, குழப்பமும் இல்லை. இம்போர்ட் ஜாவா.யூட்டில்.லிஸ்ட் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். பெயர் சொல்லி எடுத்தது ஸ்டாரில் வருவதை மறைத்துவிடும்.

இது பழைய வம்பு. யூட்டிலில் லிஸ்ட் சேர்ந்ததே 1998-இல், ஜாவா 1.2-இல்தான். அதுவரை இந்த இரண்டு ஸ்டாரோடும் ஏடபிள்யூடி லிஸ்ட்டைப் பயன்படுத்திய கோடு, ஓர் எழுத்துகூட மாறாமலே எரர் ஆனது.

கேள்வி: ஜாவா.யூட்டில்.* இருந்தும் 'பேட்டர்ன்' கிடைக்கவில்லை.

பதில்: அது ஜாவா.யூட்டில்.ரீஜெக்ஸில் இருக்கிறது. புள்ளியைப் பார்த்தால் வீட்டுக்குள் ஓர் அறை போலத் தெரியும். ஜாவாவுக்கு இரண்டும் வேறு வேறு வீடு.

கேள்வி: ஜாவா 11-லிருந்து 17-க்கு மாறினோம். எங்கள் 'ரெக்கார்ட்' கிளாஸை ஸ்டார் போட்டு எடுக்கும் ஃபைல்களில் மட்டும் எரர்.

பதில்: ஜாவா.லேங் எல்லா ஃபைலிலும் சொல்லாமலே ஸ்டாராக வந்து உட்காரும். ஜாவா 14-இல் அதற்குள் ரெக்கார்ட் என்ற கிளாஸ் வந்துவிட்டது. ஸ்டாரும் ஸ்டாரும் மோதினால் சமபலம், யாருக்கும் வெற்றி இல்லை. இதற்கும் தனிப்பெயர் இம்போர்ட்தான் மருந்து.

கேள்வி: எரரே வராமல் தப்பான கிளாஸ் வருமா?

பதில்: வரும், நான் பட்டிருக்கிறேன். என் ஃபைலில் யூட்டில் ஸ்டார் மூலம் 'டேட்' எடுத்து லாகில் (புரோகிராம் எழுதும் பதிவேட்டில்) அச்சிட்டுக்கொண்டிருந்தேன். அதே பேக்கேஜில் கூட வேலை செய்தவர் 'டேட்' என்று புதிதாக ஒரு கிளாஸ் எழுதினார். மறுநாள் லாகில் தேதிக்குப் பதிலாக @ குறியும் அதன் பின்னால் வாயில் நுழையாத எண்ணெழுத்தும். சொந்த பேக்கேஜில் இருக்கும் பெயர் ஸ்டாரில் வருவதை மறைத்துவிடும். கம்பைலர் மூச்சு விடாது. என்னைக் கேட்டால் எரர் வருவதே மேல்.

கேள்வி: ஸ்டார் போட்டால் புரோகிராம் மெதுவாகுமா?

பதில்: ஆகாது. கம்பைல் ஆனதும் கிடைக்கும் கிளாஸ் ஃபைலில் இம்போர்ட் வரியே இருக்காது.

கேள்வி: பைத்தானிலும் இப்படித்தானா?

பதில்: அங்கே மோதலே இல்லை, கடைசியாக வந்தது முன்னதை அழித்துவிடும். ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் * போட்டுவிட்டு வழக்கம்போல ஓப்பன் என்று ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் மட்டும் போதாது, இன்னொரு ஆர்கியூமென்டும் வேண்டும் என்று கேட்கும். ஏனென்றால் அது இப்போது ஓஎஸ்ஸின் ஓப்பன்.