கஞ்சியில் எடை ஏறாது

அன்புள்ள அக்கா,

காசநோயிலிருந்து மீண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 46 வயது. நுரையீரலில் காசநோய் என்று மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. காய்ச்சலும் இருமலும் நின்றுவிட்டன. ஆனால் உடம்பு தேறவில்லை. 54 கிலோ இருந்தவர், மாத்திரை ஆரம்பித்த அன்று 41. போன வாரம் 41.5. மாமியார் பத்தியம் என்று கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுக்கிறார். முட்டை சூடு, தயிர் சளி, மீன் கிரந்தி என்கிறார். பார்க்க வருகிறவர்கள் "என்ன இப்படி உருக்குலைஞ்சு போயிட்டாரு" என்று அவர் முன்னாலேயே கேட்கிறார்கள். சத்து மாவு டப்பா வாங்கச் சொல்கிறார் ஓர் உறவினர். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. எங்கள் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். என்ன கொடுத்தால் எடை ஏறும்? பெயர் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

காய்ச்சல் நின்றது நல்ல செய்தி. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் ஏழு வாரத்தில் அரைக் கிலோ என்பது போதாது. ஜார்க்கண்டில் ஏறக்குறைய 2,800 காசநோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. இந்நேரம் 43-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எடையை அழகு, பார்வை என்று பார்க்காமல் மருந்து மாதிரி பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மாத்திரையின் அளவே எடையை வைத்துத்தான். 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. அதனால் மாதாமாதம் ஒரே தராசில் எடை பார்த்து, மாத்திரை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

சரி, கஞ்சிக்கு வருவோம். ஒரு டம்ளர் கஞ்சியில் அரிசி ஒரு கைப்பிடிகூட இருக்காது. 30 கிராம் அரிசி என்று வைத்தால் நூறு கலோரி, இரண்டு கிராம் புரதம். நாளுக்கு ஐந்து டம்ளர் குடித்தாலும் ஐந்நூறு கலோரி, பத்துப் பன்னிரண்டு கிராம் புரதம். அவருக்கு வேண்டியது நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கலோரி, 65 கிராமாவது புரதம். வயிறு நிறைந்துவிடும், உடம்பு பட்டினியாகவே இருக்கும். நோயில் அவர் இழந்தது கொழுப்பை மட்டும் இல்லை, சதையையும். கையும் தொடையும் சூம்பிப் போனது அதனால்தான். சதை திரும்ப வரப் பருப்பும் முட்டையும் பாலும் மீனும் வேண்டும்.

எனக்கும் இது நடந்தது. 49-இலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் எங்கள் ஊர் அரிசி ஆலையில் மூட்டை போடும் தராசில் அப்பா என்னை ஏற்றி நிறுத்தினார். 37. அப்பா ஒன்றும் பேசவில்லை, வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதுவரை மூன்று வாரமாக எனக்குக் கிடைத்தது ரசம் சாதமும் குளுக்கோஸ் தண்ணீரும்தான். வீட்டில் எல்லாரும் என்மேல் உயிராக இருந்தார்கள். அந்த அன்பில்தான் அதைக் கொடுத்தார்கள்.

மாற்றியது என் அப்பாயி. "வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன குடுப்போம்? புள்ள பெத்தவளுக்கு என்ன குடுப்போம்? அதுவும் பத்தியந்தானே?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே உளுந்தங்களி கிளறினார். நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, வெல்லம் போட்டு. முதல் நாள் இரண்டு உருண்டைக்கு மேல் இறங்கவில்லை. பத்து நாளில் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

அதனால் மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பத்தியத்தை நினைவுபடுத்துங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் நல்லெண்ணெயும் சுறாப்புட்டும் கொடுத்துத் தேற்றிய ஊர் நம்முடையது. "அம்மா, உங்க கையால களி கிளறிக் குடுங்க, அவரு சாப்பிடுவாரு" என்று கேட்டுப் பாருங்கள்.

இது பங்குனி. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் இப்போது உங்கள் ஊர்க் களத்திலும் சாலையிலும் காய்ந்துகொண்டிருக்கும். நூறு கிராமில் 22 கிராமுக்குக் குறையாமல் புரதம் உள்ள தானியத்தை மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டில் நோயாளிக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். இரண்டு மரக்கால் உளுந்தும் பயறும் எடுத்து வையுங்கள்.

கணக்கு இப்படி வரும்: இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு பெரிய கைப்பிடி வறுத்த வேர்க்கடலையில் 10, பருப்பு, பயறு, உளுந்து எல்லாம் சேர்த்து முக்கால் ஆழாக்கு போட்டால் ஏறக்குறைய 25, பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16, கால் கிலோ அரிசிச் சோற்றில் 18. எண்பதைத் தொட்டுவிடும். இதில் டப்பா மாவுக்கு வேலையே இல்லை. அரசு சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்துகொண்டிருந்தது, 2024 நவம்பர் முதல் ஆயிரம் ஆகியிருக்கிறது. அவர் வங்கிக் கணக்கில் வருகிறதா என்று காசநோய்ப் பிரிவுப் பணியாளரிடம் கேளுங்கள். முட்டைக்கும் பாலுக்கும் அது உதவும். வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் வாத்து முட்டை கிடைத்தால் அதுவும் நல்லது, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

முட்டையோ தயிரோ காசநோயைக் கூட்டாது. மீனில் மட்டும் ஒரு கவனம். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஐசோனியசிட் இருக்கிறது. அதோடு பழசான சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும். குளத்தில் அன்றன்று பிடித்த விரால், கெண்டை என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

பசியே இல்லை என்பார். தட்டு நிறைய வைத்தால் பார்த்தவுடனே வெறுத்துப்போகும். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். முட்டையையும் கூட்டையும் முதலில் சாப்பிடட்டும், ரசம் கடைசியில். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதைப் பயற்றங்கஞ்சியாக, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுங்கள். சாயங்காலம் வாய்க்கால் கரையில் கொஞ்சம் நடக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்திருக்கட்டும். வேலை கொடுத்தால்தான் சாப்பிட்டது சதையாகும். இல்லாவிட்டால் கை கால் குச்சியாகவே இருக்க வயிறு மட்டும் முன்னால் வரும்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை பார்த்தார்களா? காசநோயும் சர்க்கரையும் சேர்ந்து வருவது சகஜம். சர்க்கரை இருந்தால் வெல்லக் களி வேண்டாம், களியை உப்புப் போட்டுக் கிளறலாம். சளியையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மாத்திரையால், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, ஓயாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடிப் பழக்கம் இருந்தால் அதை இப்போது அறவே விட வேண்டும், ஈரல் தாங்காது.

வருகிறவர்களின் பேச்சைப் பற்றி: வாசலிலேயே சொல்லிவிடுங்கள், "உடம்பைப் பத்தி மட்டும் அவருகிட்ட கேக்காதீங்க" என்று. நான் அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே இரண்டு மாதம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. அந்த ஜார்க்கண்ட் ஆய்வில் நோயாளியின் குடும்பத்துக்கும் உணவு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நீங்களும் பெண்ணும் மாமியாரும் பரிசோதனை செய்துகொண்டீர்களா? தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டீர்களா? அவருக்கு முட்டை வேகவைக்கும்போது பெண்ணுக்கும் ஒன்று, உங்களுக்கும் ஒன்று போடுங்கள். உங்கள் கடிதம் முழுக்க அவர் என்ன சாப்பிடுகிறார் என்றுதான் இருக்கிறது. எல்லாருக்கும் போட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவர் நீங்கள் என்று என் மனசுக்குப் படுகிறது. அடுத்த மாதம் அவர் எடையை எழுதும்போது உங்கள் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா