பொருள் விற்கும் கருவிதான் வாக்கும் கேட்கிறது

பொருள் வாங்கும் பழக்கத்தையும் தேர்தல் பிரசாரத்தையும் இணையம் எப்படி மாற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் உங்கள் கைப்பேசியில் காலணி விளம்பரமும் கட்சி விளம்பரமும் அடுத்தடுத்து வந்திருக்கும். இரண்டும் உங்களைத் தெரிந்துவைத்திருப்பது போலப் பேசியிருக்கும். அந்தச் சந்தேகத்தில்தான் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நான் ஓர் இணைய விற்பனை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு தேர்தலின்போது எங்கள் குழு ஒரு வேட்பாளருக்கும் வேலை செய்தது. ஆகவே இவை இரண்டு மாற்றங்கள் அல்ல, ஒரே மாற்றம்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முன்பு கடைக்காரருக்கு நாம் வாங்கியது மட்டுமே தெரியும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததையும், விலையைக் கேட்டுவிட்டுப் போனதையும் அவர் அன்றைக்கே மறந்துவிடுவார். இணையக் கடையிலோ வாங்காமல் விட்டதற்குத்தான் மதிப்பு அதிகம். 1994இல் இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கிய குக்கி (ஒரு தளம் நம் கணினியில் விட்டுவைக்கும் சிறு கோப்பு), வாங்குபவர் கூடையில் போட்டவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தச் சிறு கோப்பு, ஒருவர் எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதற்கான வழியாயிற்று.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் வெளியேறியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. எந்த நேரத்தில் அனுப்புவது, தலைப்பில் என்ன எழுதுவது, ‘இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன’ என்ற வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் தனித்தனியாகச் சோதிக்கப்படும். பாதிப் பேருக்கு ஒரு வடிவம் போகும், மீதிப் பேருக்கு வேறொரு வடிவம் போகும். எது அதிகம் விற்கிறதோ அது நிலைக்கும். மக்கள் இணையத்தில் தேவையற்றதை எல்லாம் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் தனி ஆள். அவருடைய தயக்கத்தை ஆராய்வதற்கென்றே மறுபக்கத்தில் சம்பளம் வாங்கும் ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது.

இதே சோதனை முறை அரசியலுக்குள் வந்ததற்குத் தெளிவான சான்று உண்டு. 2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் பிரசாரத் தளத்து முகப்பில் எதைக் காட்டுவது, பொத்தானில் என்ன எழுதுவது என்று 24 வகைச் சேர்க்கைகளை வைத்துச் சோதித்தார்கள். குழுவினருக்குப் பிடித்திருந்தது ஒரு காணொளி. ஆனால் வென்றதோ குடும்பப் படமும் ‘மேலும் அறிய’ என்ற பொத்தானும் சேர்ந்த பக்கம். தளத்தில் பதிவு செய்வோரின் விகிதம் பழைய பக்கத்தைவிட 40.6 சதவீதம் கூடியது. அந்தச் சோதனையை முன்னின்று நடத்திய டான் சிரோக்கர், பின்னர் ஆப்டிமைஸ்லி என்ற நிறுவனத்தை நண்பருடன் சேர்ந்து தொடங்கி, அதே முறையை வணிகத் தளங்களுக்கு விற்றார். பிரசாரத்தில் கற்றது இப்படி மீண்டும் கடைக்கே போய்ச் சேர்ந்தது.

நல்லது மட்டும் இப்படிப் பரவியிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். வாடிக்கையாளர் கவனிக்காமல் விடுவார் என்ற நம்பிக்கையில், கூடுதல் கட்டணத்துக்குச் சம்மதம் என்ற பெட்டியை முன்கூட்டியே டிக் செய்து வைப்பது இணையக் கடைகளின் பழைய தந்திரம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூன் முதல் அதைத் தடை செய்துவிட்டது. 2020இல் அமெரிக்காவில் டொனால்டு டிரம்ப்பின் பிரசாரத்துக்கு நன்கொடை கொடுக்கும் பக்கத்தில் அதே பெட்டி, நன்கொடையை மாதந்தோறும், பிறகு வாரந்தோறும் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று டிக் செய்யப்பட்டே இருந்தது. ஒருமுறை கொடுப்பதாக எண்ணியவர்களின் கணக்கிலிருந்து பணம் திரும்பத் திரும்பப் போனது. பெருந்தொகையைத் திருப்பித் தரவும் நேர்ந்தது. எதிர்த்தரப்பைச் சேர்ந்த சில அமைப்புகளும் இத்தகைய பெட்டியைப் பயன்படுத்தின என்பதால், நான் ஒரு கட்சியைக் குறிவைத்து எழுதுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2021 மே மாதத்தில் அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம், இதைத் தடை செய்யும்படி நாடாளுமன்றத்துக்கு ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். வேட்பாளருக்கான வேலை தொடங்கியபோது எங்களுக்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்கப்படவில்லை. விற்பனைக்குப் பயன்படுத்திய அதே அட்டவணையில் ‘வாடிக்கையாளர்’ என்றிருந்த தலைப்பு ‘வாக்காளர்’ என்று மாற்றப்பட்டது. ‘கடைசியாக வாங்கியது’ என்ற பத்தி ‘கடைசியாக வந்த கூட்டம்’ என்றாயிற்று. கைப்பேசி எண்களின் பட்டியலை விளம்பரத் தளத்தில் ஏற்றினால், அந்த எண்களுக்கு உரியவர்களைத் தளமே கண்டுபிடித்து அவர்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டும். ஃபேஸ்புக் இந்த வசதியை 2012இலும், பட்டியலில் உள்ளவர்களை ஒத்த வேறு ஆட்களைத் தேடித் தரும் வசதியை 2013இலும் கொண்டுவந்தது. இரண்டும் வியாபாரிகளுக்காக வந்தவை.

ஒருநாள் ஒப்புதலுக்காக இரண்டு விளம்பரங்கள் என் மேசைக்கு வந்தன. வாடகைக்குக் குடியிருப்போருக்கான முதல் விளம்பரம், வாடகை உயர்வுக்கு வரம்பு கொண்டுவருவோம் என்றது. வீட்டு உரிமையாளர்களுக்கான இரண்டாவது விளம்பரம், வாடகையை நிர்ணயிக்கும் உங்கள் உரிமையில் யாரையும் தலையிட விடமாட்டோம் என்றது. இரண்டிலும் ஒரே வேட்பாளர், ஒரே சிரிப்பு, ஒரே சின்னம். இரண்டையும் வேட்பாளரின் பொதுப் பக்கத்தில் வெளியிடச் சம்மதித்தால் இரண்டையும் ஏற்றித் தருகிறேன் என்றேன். பொதுப் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்களே என்று பதில் வந்தது. அந்த விளம்பரங்களை நான் ஏற்றவில்லை. என்னை மறுபடியும் விற்பனைப் பிரிவுக்கே அனுப்பினார்கள். அந்த வேலையை வேறொருவர் முடித்தார். அன்று மறுத்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அரசியல்வாதிகள் ஆளுக்கொரு வாக்குறுதி கொடுப்பது புதிதா என்று சிலர் கேட்பார்கள். புதிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையில் பேசியதை எதிர்க்கட்சிக்காரரும் செய்தியாளரும் கேட்டார்கள், மறுநாளே கேள்வி எழுப்பினார்கள். ஒருவரின் திரைக்கு மட்டும் வந்து மறையும் வாக்குறுதியை வேறு யாரும் பார்ப்பதில்லை. எனவே யாரும் கேள்வி கேட்பதுமில்லை. இணையத்தில் வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஐரோப்பாவில் அதற்குச் சட்டமே 14 நாள் அவகாசம் தருகிறது. போட்ட வாக்குக்கு அப்படியொரு வசதி கிடையாது. ஆகவே விற்பனையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சில உத்திகளைக்கூடத் தேர்தலில் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதே என் கருத்து.

விளம்பரங்கள் மக்களை மயக்கி ஆட்டுவிக்கின்றன என்று நான் சொல்வதாகவும் கருத வேண்டாம். 2018இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் தகவல்கள் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அது பெருங்குற்றம். எனினும் அந்தத் தகவல்களைக் கொண்டு வாக்காளர்களின் மனத்தையே மாற்றினார்கள் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இந்தக் கருவிகளுக்கு நன்றாக வருவது, ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பவரை வாக்களிக்கக் கிளம்பவைப்பதும் பணம் கொடுக்கவைப்பதும்தான். கூடையில் போட்டுவிட்டுத் தயங்குபவருக்கு நினைவூட்டல் அனுப்புவதும் அதே வகைதான்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். போலிச் செய்தி என்றதும் முதியவர்கள்தான் யோசிக்காமல் ஃபார்வர்டு செய்கிறார்கள் என்று ஏளனம் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் செய்தியை எழுதி, படம் சேர்த்து, எந்தக் குழுவில் முதலில் விட்டால் வேகமாகப் பரவும் என்று கணக்குப் போட்டவர்கள் முதியவர்கள் அல்லர். நம்பிக்கைக்குரிய ஒருவரிடமிருந்து வந்ததை நம்புவது ஆயுள் முழுவதும் அவர்களுக்குப் பயன்பட்ட பழக்கம். அதைப் பிறர் சுரண்டும்போது பழியை அவர்கள்மேல் போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2018 முதல் ஃபேஸ்புக்கும் கூகுளும் அரசியல் விளம்பரங்களைப் பலநாடுகளில் பொதுக் களஞ்சியமாக வெளியிட்டுவருகின்றன. யார் பணம் கொடுத்தார்கள் என்பதும் அங்கே இருக்கும். அதில் உங்கள் வேட்பாளரின் பெயரைத் தேடி, உங்களுக்கு வராத விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். உங்களுக்குச் சொன்னதும் மற்றவருக்குச் சொன்னதும் பொருந்துகின்றனவா என்பது அங்கேதான் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பரத்துக்கான புதிய விதிகள் 2025 அக்டோபர் 10 முதல் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே, அவற்றுக்கு உட்படுவதைவிட அங்கே அரசியல் விளம்பரங்களையே நிறுத்துவது மேல் என்று அந்த இரு நிறுவனங்களும் முடிவெடுத்தன. அதன்பின் அங்கே பிரசாரம் செய்பவர்கள் காசு கொடுக்காமல் பரவும் காணொளிகளையும் வாட்ஸ்அப் குழுக்களையும் மேலும் நாடக்கூடும். அவற்றுக்கு எந்தக் களஞ்சியமும் கிடையாது என்பதால், குழுவில் வந்த வாக்குறுதியை வேட்பாளரிடமே நேரில் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.